அட்டைப்பொட்டி: கேள்வி உங்களுது, கார்டு என்னுது

போன இதழ்ல வேற ஏதோ ஒரு கேள்விக்கு பதில் எழுதறப்ப போற போக்குல ஒரு வரி போட்டுட்டேன், ஸ்கூல் படிக்கறப்ப பேரி பாண்ட்ஸ்னு ஒரு பேஸ்பால் பிளேயரோட கார்டை குடுத்துட்டு அண்டர்டேக்கர்ங்கற மல்யுத்த வீரரோட டிரம்ப் கார்டு (நம்பர் சொல்லி, பெருசு வச்சிருக்கறவன் எதிராளி கார்டைப் பிடுங்கற ஆட்டம்) ஒண்ணு வாங்கினேன்னு. அவ்வளவுதான் எழுதினேன். அதுக்கு வந்த லெட்டரு, மெயிலு, வாட்ஸப்பு எல்லாம் பாத்தா இந்த ஊர்ல இத்தனை பேரு பீரோவுக்குள்ள அட்டை ஒளிச்சு வச்சிருக்காங்களான்னு ஆச்சரியமா இருக்கு. அதனால இந்த தடவை முழுக்க கார்டுதான். முடி கொட்டறதுக்கும் மூட்டு வலிக்கும் கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க.

பாண்ட்ஸ் யாருன்னு கூகுள் பண்ணி பாத்தேன், 762 ஹோம் ரன் அடிச்ச ஆளாம், அமெரிக்க மேஜர் லீக் ரெக்கார்டாம். அந்த கார்டை குடுத்துட்டு அண்டர்டேக்கர் வாங்கியிருக்கீங்களே, எத்தனை லட்சம் போச்சு? எனக்கே ரெண்டு நாளா மனசு ஆறல.
(பெரம்பூர் வாசகர்)

மனசை ஆத்திக்கங்க, ஒண்ணும் போகல. அது டாப்ஸ்ங்கற கம்பெனி 1992-ல போட்ட கார்டு. இன்னிக்கு நல்ல கண்டிஷன்ல இருந்தாலும் ஒரு டாலர் ரெண்டு டாலருக்கு மேல போகாது, ஏன்னு கீழ நங்கநல்லூர்க்காரருக்கு சொல்லியிருக்கேன், அதையும் படிங்க.

கதை என்னன்னா எங்க பெரியப்பா பையன் பிட்ஸ்பர்க்ல படிக்கப் போயிருந்தான். பிட்ஸ்பர்க்னா எங்க வீட்டு பெரியவங்களுக்கு வெங்கடாசலபதி கோவில், அவனுக்கு பைரேட்ஸ் பேஸ்பால் டீம். 1993 பொங்கலுக்கு வெஸ்ட் மாம்பலம் வந்தப்ப ஒரு ஷூ டப்பா நிறைய பேஸ்பால் கார்டு கொண்டாந்தான். ஏன் சும்மா குடுக்கறான்னு அப்ப புரியல, அப்புறம்தான் தெரிஞ்சுது, ஒரு மாசம் முன்னாடி டிசம்பர்லதான் பாண்ட்ஸ் பைரேட்ஸை விட்டுட்டு ஆறு வருஷத்துக்கு 43.75 மில்லியன் டாலர்னு சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்குப் போயிட்டாரு, அதுக்கும் முன்னாடி அக்டோபர்ல அட்லாண்டாகிட்ட கடைசி மேட்ச்ல கடைசி பந்துல தோத்து வேற வெளிய வந்திருக்காங்க, அண்ணன் செம கடுப்புல இருந்தான், இந்த மூஞ்சியையே பாக்கப் புடிக்கலடான்னு டப்பாவோட தூக்கி எங்கிட்ட குடுத்துட்டான்.

சரி, கிளாசுக்கு எடுத்துட்டுப் போனா யாரும் சீந்தல. கிரிக்கெட் படமும் இல்ல, மல்யுத்தமும் இல்ல, தொப்பி போட்ட வெள்ளைக்காரன், நடுவுல மீசைக்காரன் ரெண்டு பேரு. அப்புறம் ஒருத்தன்தான் கார்டைத் திருப்பிப் பாத்தான். பின்னாடி முழுக்க நம்பரு! டேய் இதுவும் டிரம்ப் கார்டுதான்டான்னான். அன்னிலேர்ந்து லஞ்ச் பீரியட்ல ஹோம் ரன், ரன்ஸ், ஸ்டோலன் பேஸ்னு சொல்லி வெட்ட ஆரம்பிச்சோம், ஸ்டோலன் பேஸ்னா என்னன்னு (பந்து போடறவன் அசந்த நேரம் பாத்து அடுத்த பேஸுக்கு ஓடிடறது) அப்ப ஒருத்தனுக்கும் தெரியாது, பாண்ட்ஸ் கார்டுல 1990-க்கு நேரா 52-ன்னு இருக்கும், அதை சொன்னா எவனும் நிக்க மாட்டான். பிரச்சனை வந்தது பிட்சர், அதாவது பந்து போடறவரோட கார்டுல. அவங்களுக்கு ஈஆர்ஏன்னு ஒரு கணக்கு, நம்ம பவுலிங் ஆவரேஜ் மாதிரி, எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது. டக் டிராபெக்னு ஒரு பைரேட்ஸ் பிட்சர், 1990-ல 22 மேட்ச் ஜெயிச்சு அந்த வருஷம் சிறந்த பிட்சருக்கான சை யங் அவார்டே வாங்கினவரு, ஈஆர்ஏ 2.76. எங்கிட்ட அவர் கார்டு இருந்துச்சு. எதிர்ல இருக்கறவன் 5.10 வச்சிட்டு எனக்குதான் பெருசுன்னு பிடுங்கிட்டான். கம்மியா இருந்தா நல்லதுன்னு நான் தொண்டை கிழிய கத்தினேன், மல்யுத்த டிரம்ப் கார்டுல வெயிட்டுன்னா குண்டு யோகோசுனா ஜெயிக்கறான் இல்ல அப்ப இதுலயும் பெருசுதான்னு கிளாசே ஒரு பக்கம் நின்னுடுச்சு.

அந்த ஆத்திரத்துலதான் பாண்ட்ஸை குடுத்துட்டு அண்டர்டேக்கரை வாங்கினேன்.

என் பையன் ஆறாவது படிக்கிறான். கிரிக்கெட் கார்டு, ஃபுட்பால் கார்டுன்னு மாசம் ஆயிரம் ரூபாய்க்கு பாக்கெட் கேக்கறான். பிரிச்சுப் பாத்துட்டு "சே, டபுளு"ன்னு தூக்கிப் போடறான். தமிழ்நாட்டுல லாட்டரியையே ஒழிச்சாச்சு, இது மட்டும் என்ன சார்?
(குரோம்பேட்டை அப்பா)

பாதி லாட்டரிதான் சார், மழுப்ப மாட்டேன். உள்ள என்ன இருக்குன்னு தெரியாம காசு குடுத்து வாங்கறதுக்கு வேற பேரு கிடையாது. இது இன்னிக்கு நேத்து வந்த தந்திரமும் இல்ல. 1933-ல அமெரிக்காவுல கௌடின்னு ஒரு பபுள்கம் கம்பெனி 240 கார்டு செட்டுன்னு போட்டான். பசங்க வாங்கறாங்க வாங்கறாங்க, 106-ஆம் நம்பர் மட்டும் எவனுக்கும் கிடைக்கல. எப்படி கிடைக்கும், அவன் அச்சடிக்கவே இல்லையே! அந்த ஒரு நம்பருக்காக பசங்க கம் மென்னுக்கிட்டே இருக்கட்டும்னு விட்டுட்டான். கோவத்துல பசங்களும் பெத்தவங்களும் லெட்டர் எழுத எழுத, அடுத்த வருஷம் நாப் லஜோயேன்னு ஒரு பழைய பிளேயர் படத்தைப் போட்டு 106-ஐ அச்சடிச்சு, லெட்டர் எழுதினவங்களுக்கு மட்டும் தபால்ல அனுப்பினான். சண்டை போட்டவனுக்குதான் கார்டு. இன்னிக்கு அந்த லஜோயே கார்டு ஒண்ணு வச்சிருக்கறவன் வீடே வாங்கலாம்.

நம்ம ஊர்ல நடக்காததா? பிக் ஃபன் பபுள்கம்ல ரன்னு போட்டு, விக்கெட் போட்டு அட்டை வருமே, எங்க தெரு பெட்டிக்கடைல ரன்னா வந்து கொட்டும், விக்கெட் வராது. கடைக்காரரே பிரிச்சுப் பாத்து எடுத்து வச்சுக்கறாருன்னு ஒரு வருஷம் அவர் மேல சந்தேகமா இருந்தோம், பாவம்.

இப்ப உங்க பையன்கிட்ட சொல்லக் கூடாத ஒரு கதை சொல்றேன். பால் ஸ்கீன்ஸ்னு பைரேட்ஸ் பிட்சர். அவரு முதல் மேட்ச் ஆடினப்ப சட்டைக் கையில தைச்சிருந்த பேட்ச்சை அப்படியே கார்டுல வச்சு, கையெழுத்தும் வாங்கி, உலகத்துலயே ஒரே ஒரு காப்பி போட்டாங்க. 2024 கிறிஸ்துமஸ் அன்னிக்கு லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் 11 வயசு பையன் ஒருத்தனுக்கு பரிசா வந்த பாக்கெட்ல அது வந்துடுச்சு. பைரேட்ஸ் டீம், கார்டை எங்களுக்குக் குடு, 30 வருஷத்துக்கு சீசன் டிக்கெட் தர்றோம்னு கேட்டுச்சு. குடும்பம் மாட்டேன்னுட்டு ஏலத்துல விட்டாங்க, 2025 மார்ச்ல 11 லட்சத்து 10 ஆயிரம் டாலருக்குப் போச்சு. எந்த லாட்டரியிலும் ஒருத்தனுக்கு விழும் இல்ல, அந்த ஒருத்தன் இவன். மத்தவங்க எல்லாம் உங்க பையன் மாதிரி டபுளைப் பாத்து சே-ன்னவங்கதான்.

என் வீட்ல நான் பண்றது என்னன்னா, மாசத்துக்கு ரெண்டு பாக்கெட், பொறந்த நாளுக்கு ஒரு பெரிய டப்பா, அதுக்கு மேல வேணும்னா வேண்டிய கார்டை மட்டும் தனி கார்டா விலை பேசி வாங்கிக்கணும். தனி கார்டு வாங்கறதுல ஏமாத்து கிடையாது, என்ன வாங்கறோம்னு கண்ணுல தெரியுது. ஆனா ஒண்ணு, அந்த டபுளை மட்டும் தூக்கிப் போட விடாதீங்க சார். டபுள் இருக்கறதாலதான் பக்கத்து பெஞ்ச் பையன்கிட்ட போய் பேசுவான். எல்லாருக்கும் எல்லா கார்டும் ஒவ்வொண்ணு கிடைச்சிருந்தா இந்த ஆட்டமே கிடையாது, அவனவன் ஆல்பத்தை மூடி வச்சிட்டு டியூஷன் போயிருப்பான். டபுளுக்கு தனியா ஒரு டப்பா குடுங்க, மேல ரப்பர் பேண்ட் மட்டும் போடாதீங்க, ஓரம் வெட்டிடும்.

உங்ககிட்ட இருக்கறதுலயே காஸ்ட்லியானது எது?
(திருவான்மியூர்)

கார்டு வைக்கற பைண்டர்.

எங்க மாமா 1990-ல டெக்சாஸ்ல இருந்து வந்தப்ப கொண்டாந்த பேஸ்பால் கார்டு 400 பரண்ல இருந்து எடுத்தேன். எல்லாம் 1987-லேர்ந்து 90 வரைக்கும். 35 வருஷப் பழசு, எவ்வளவு தேறும்? பத்திரமா இருக்கட்டும்னு நல்ல கார்டா பாத்து ஒரு பத்தை மட்டும் லேமினேஷன் பண்ணிட்டேன்.
(நங்கநல்லூர்)

ஐயோ.

சரி, பதட்டப்படாதீங்க, பெரிய நஷ்டம் இருக்காதுன்னுதான் நினைக்கறேன், ஏன்னா நீங்க சொல்ற வருஷங்களுக்கு கார்டுக்காரங்க வச்சிருக்கற பேரே ஜங்க் வேக்ஸ் காலம். வேக்ஸ்னா அந்தக் கால பாக்கெட் சுத்தி வந்த மெழுகு பேப்பர். நடந்தது என்னன்னா, எண்பதுகள்ல அமெரிக்காவுல திடீர்னு எல்லாருக்கும் ஒரு ஞானம் வந்துச்சு, நம்ம அம்மா பரண்ல இருந்து தூக்கிப் போட்ட கார்டு எல்லாம் இப்ப ஆயிரக்கணக்குல போகுதே, இந்த தடவை தூக்கிப் போடாம வச்சுப்போம்னு. 1981 வரைக்கும் டாப்ஸ் மட்டும் ஏகபோகமா இருந்த இடத்துல ஃப்ளீர், டான்ரஸ், அப்புறம் ஸ்கோர், 1989-ல அப்பர் டெக்குன்னு ஆளாளுக்கு அச்சடிச்சுத் தள்ளினாங்க. வாங்கினவன் எல்லாம் பொத்திப் பொத்தி வச்சான். பழைய கார்டுக்கு விலை வந்ததே எல்லாரும் தூக்கிப் போட்டதாலதான், எல்லாரும் பத்திரமா வச்சிருந்தா எங்கேர்ந்து விலை வரும்? 1994-ல பிளேயருங்க ஸ்டிரைக் பண்ணி அந்த வருஷ ஃபைனலான வேர்ல்ட் சீரிஸே நடக்கல, ஜனங்களுக்கு வெறுத்துப் போச்சு, கார்டு கடைங்க வரிசையா மூடினாங்க. நம்ம ஊர்ல தொண்ணூறுகள்ல தேக்கு மரத் திட்டம்னு பணம் போட்டவங்க கதையை ஞாபகப்படுத்திக்கங்க.

அப்ப விலை போற பழைய கார்டு எப்படி இருக்கும்னா, 1952 டாப்ஸ்ல மிக்கி மேன்டில் கார்டு. அந்த வருஷம் கடைசி சீரிஸ் லேட்டா வந்து விக்காம குடோன்ல கிடந்துச்சு, எட்டு வருஷம் கழிச்சு 1960-ல இடத்தை அடைக்குதுன்னு படகுல ஏத்திட்டுப் போய் நியூயார்க் பக்கம் கடல்ல கொட்டிட்டாங்க, அந்த செட்டை டிசைன் பண்ணின மனுஷனே கூடப் போய். நம்ம காசிமேட்டு போட்டுல ஏத்தி கொட்டற மாதிரி நினைச்சுக்கங்க. தப்பிச்ச ஒரு மேன்டில் 2022-ல 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போச்சு, நம்ம காசுல சுமாரா 100 கோடி. கடல் செஞ்ச உபயம்.

உங்க 400-ல தேட வேண்டியது ஒண்ணுதான்: 1989 அப்பர் டெக், நம்பர் 1, கென் கிரிஃபி ஜூனியர், நீலத் தொப்பி போட்டுட்டு சிரிக்கற சின்னப் பையன். அது இருந்து, மூலை எல்லாம் கூரா இருந்து, முக்கியமா லேமினேஷன்ல மாட்டாம இருந்தா சொல்லுங்க. அதே 1989-ல ஃப்ளீர் கார்டுல பில்லி ரிப்கன்னு ஒருத்தரு பேட்டோட போஸ் குடுத்திருப்பாரு, பேட் அடியில கெட்ட வார்த்தை எழுதியிருக்கும், அச்சான அப்புறம்தான் கம்பெனிக்காரனே பாத்தான். அதுவும் இருக்கான்னு பாருங்க. விலை பெருசா வராட்டியும் மாமா எந்த மாதிரி ஆளுன்னு தெரிஞ்சுடும்.

விலை பாக்கறப்ப இபே வெப்சைட்ல கேக்கற விலையைப் பாக்காதீங்க, வித்து முடிஞ்ச விலையைப் பாருங்க. கேக்கறவன் என்ன வேணா கேப்பான். கிரேடிங் கம்பெனிங்க இருக்கு, 1991-ல ஆரம்பிச்ச பிஎஸ்ஏதான் பெருசு, படம் நடுவுல இருக்கா, மூலை, ஓரம், மேல் பரப்பு நாலையும் பாத்து ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் மார்க் போட்டு டப்பால சீல் பண்ணித் தருவாங்க. ஆனா இங்கேர்ந்து அனுப்பற செலவு, கிரேடிங் ஃபீஸு, திரும்பி வர்றப்ப கஸ்டம்ஸ் டூட்டி எல்லாம் கூட்டினா ஜங்க் வேக்ஸ் கார்டுக்கு கட்டுபடியாகாது. ஓரம் பிசிறா இருக்குன்னு பிளேடு எடுத்து வெட்டிடவும் வேண்டாம். உலகத்துலயே பேர் போன ஹோனஸ் வாக்னர் கார்டு, பைரேட்ஸ் ஆளு, 1909-லேர்ந்து 11 வரைக்கும் சிகரெட் பாக்கெட்ல வந்த டி206 செட்டு, அவரு என் படம் போடாதேன்னு சொல்லி நிறுத்தினதால நூறு கூட மிச்சமில்லை, அதுல ஒண்ணு கனடா ஐஸ் ஹாக்கி ஸ்டார் வேன் கிரெட்ஸ்கி கூட வாங்கி வச்சிருந்தது. பிஎஸ்ஏ மார்க் போட்ட முதல் கார்டே அதுதான், பத்துக்கு எட்டு. கடைசில பாத்தா ஓரத்தை வெட்டி நேர் பண்ணியிருக்காங்க. வித்த ஏலக்காரரே 2013-ல கோர்ட்ல ஒத்துக்கிட்டாரு. அது வாக்னர்ங்கறதால வெட்டியும் மில்லியன்ல போச்சு, உங்க மாமா கார்டு போகாது.

லேமினேஷனைப் பிரிக்க முயற்சி பண்ணாதீங்க, கார்டோட சேர்ந்து வந்துடும். ரேஷன் கார்டு, ஆதார், பத்தாவது மார்க் ஷீட்டுன்னு எதைக் கண்டாலும் லேமினேட் பண்ற கை நம்ம கை, என்ன பண்றது. அந்த பத்தையும் டீ டம்ளருக்கு அடியில வைங்க, கோஸ்டரா சூப்பரா இருக்கும்.

சென்னை வெயிலுக்கும் ஈரத்துக்கும் கார்டு வளைஞ்சு போகுது, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. எப்படிதான் வைக்கறது? ஏசி ரூம் எல்லாம் நம்மால முடியாது.
(வேளச்சேரி)

ஏசி வேண்டாம். ஏசியைப் போட்டுப் போட்டு நிறுத்தினாதான் ஈரம் இன்னும் படுத்தும்.

முதல்ல பரண்ல வைக்காதீங்க, மொட்டை மாடி தளத்துக்குக் கீழ ஏப்ரல் மே சூட்டுல அப்பளம் மாதிரி வளையும். பீரோவுக்கு கீழ் தட்டுலயும் வைக்காதீங்க. இதை நான் பட்டு சொல்றேன், 2015 டிசம்பர் ஒண்ணாந்தேதி ராத்திரி, அப்ப நாங்க சைதாப்பேட்டைல கீழ் வீட்ல வாடகைக்கு இருந்தோம், தண்ணி உள்ள வர்றப்ப கேஸ் சிலிண்டர், பத்திரம், அம்மாவோட மாத்திரைன்னு மேல ஏத்தினோமே தவிர இந்த டப்பா யாருக்கும் ஞாபகம் வரல. நாலு நாள் கழிச்சு திறந்தா 1992 செட்டு மொத்தமும் ஒரே செங்கல்லா இருந்துச்சு. பளபளப்பு பூசின கார்டு நனைஞ்சு காஞ்சா அப்படிதான் ஆகும். தனித்தனியா பிரிச்சதுல ஒருத்தன் மூஞ்சி இன்னொருத்தன் முதுகுல ஒட்டிக்கிட்டு வந்துச்சு. நாப்பது கார்டு மாதிரி தேறிச்சு. அதனால இடுப்பு உயரத்துல, உள் சுவர் ஓரமா, வெளிச் சுவர்ல சாஞ்ச மாதிரி இல்லாம வைங்க.

ஒவ்வொரு கார்டுக்கும் மெல்லிசு பிளாஸ்டிக் கவரு, பென்னி ஸ்லீவ்ம்பாங்க, அதுக்கு மேல நல்ல கார்டுக்கு மட்டும் டாப் லோடர்னு கெட்டி உறை. மத்ததுக்கு ஒம்போது பாக்கெட் ஷீட்டு போட்ட பைண்டர் போதும். கார்டு சைஸ் ரெண்டரைக்கு மூணரை இஞ்ச். ஆன்லைன்ல கிடைக்குது, இல்லன்னா பாரிஸ் ஆண்டர்சன் ஸ்ட்ரீட்டு, பந்தர் ஸ்ட்ரீட்டு பக்கம் ஸ்டேஷனரி மொத்தக் கடைங்கள்ல விசிட்டிங் கார்டு ஷீட்டு, போட்டோ ஷீட்டுன்னு கேட்டுப் பாருங்க, அளவு மட்டும் கார்டை வச்சுப் பாத்து வாங்கணும். மூக்குல குத்தற மாதிரி ரெக்சின் வாசனை அடிக்கற கவரு வேண்டாம், அது பிவிசி, ரெண்டு வருஷத்துல பிசுபிசுன்னு ஆயி மையை இழுத்துடும். பாலிப்ராப்பிலீன்னு கேட்டு வாங்குங்க. ஷூ டப்பால, மாத்திரை டப்பால வர்ற சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ள போட்டு வைங்க, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. பாச்சா உருண்டையைக் கார்டோட ஒரே டப்பாக்குள்ள போடாதீங்க, பிளாஸ்டிக்கையும் கெடுக்கும், டப்பாவைத் திறந்தா கல்யாணப் புடவை வாசனை வரும். ராமபாணப் பூச்சிக்கு வேப்பிலைன்னு எங்க பாட்டி சொல்லுவாங்க, நான் வைக்கறேன், அது வேலை செய்யுதா இல்ல பூச்சிக்கே பேஸ்பால் புடிக்கலையான்னு சொல்லத் தெரியல.

கிரிக்கெட்ல சிஎஸ்கே. பேஸ்பால்ல எந்த டீமைப் புடிக்கலாம்? இந்தியா டைமுக்கு மேட்ச் பாக்க முடியுமாண்ணா?
(அண்ணா நகர், எஞ்ஜினியரிங் மூணாவது வருஷம்)

டைமைத்தான்பா முதல்ல பாக்கணும். கோடைல நியூயார்க், பிட்ஸ்பர்க் பக்கம் சாயந்தரம் ஏழு மணி ஆட்டம்னா நமக்கு விடிகாலை நாலரை. லாஸ் ஏஞ்சலிஸ் ஏழு மணின்னா நமக்கு காலைல ஏழரை, காபி டம்ளரோட உக்காந்துடலாம், காலேஜ் பஸ்ல போறப்ப மிச்சத்தை போன்ல பாக்கலாம். ஒரு டீமுக்கு சீசனுக்கு 162 மேட்ச், அதனால ஒரு மேட்ச் விட்டா உயிர் போகாது, அந்த நிம்மதி ஐபிஎல்ல கிடையாது.

லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் புடிச்சா சுகமா இருப்ப. 2024, 2025 ரெண்டு வருஷமும் தொடர்ந்து சாம்பியன். ஓட்டானி இருக்காரு, 2024-ல ஒரே சீசன்ல 54 ஹோம் ரன், 59 ஸ்டோலன் பேஸ், அதுக்கு முன்னாடி 50-50 ஒருத்தரும் பண்ணதில்ல, பந்தும் போடுவாரு. ஆனா அவரு கார்டு நல்லதா ஒண்ணு வாங்கணும்னா செமஸ்டர் ஃபீஸை எடுக்கணும். சிஎஸ்கே ரசிகன்னு சொல்ற, அஞ்சு கப்பு பாத்து பழகின ஆளு, ஆனா 2025-ல பத்தாவது எடம் வந்தப்பவும் டிவியை ஆஃப் பண்ணாம இருந்தியா இல்லையா? இருந்தேன்னா உனக்கு என் டீமும் ஒத்து வரும். நான் பைரேட்ஸ். ஷூ டப்பா வந்த வருஷத்துலேர்ந்து, அதாவது 1993-லேர்ந்து 2012 வரைக்கும் இருவது சீசன் தொடர்ந்து ஜெயிச்சதை விட தோத்தது அதிகம். இருவது. நான் ஸ்கூல் முடிச்சு, காலேஜ் முடிச்சு, வேலைக்குப் போயி, கல்யாணம் ஆகி, பையன் பொறந்து, அதுவரைக்கும் ஒரு நல்ல சீசன் கிடையாது. கடைசியா சாம்பியன் ஆனது 1979.

அதுல ஒரு லாபம் என்னன்னா பைரேட்ஸ் கார்டு மலிவு, எவனும் போட்டிக்கு வர மாட்டான். ரொபர்டோ கிளெமென்டேன்னு ஒரு மகான் அந்த டீம்ல ஆடியிருக்காரு, போர்ட்டோ ரிக்கோ ஆளு, சரியா 3000 ஹிட்டு, 1972 டிசம்பர் 31 அன்னிக்கு நிகரகுவா பூகம்பத்துல பாதிச்சவங்களுக்கு சாமான் ஏத்திட்டுப் போன ப்ளேன் கடல்ல விழுந்து போயிட்டாரு. அவரோட 1973 டாப்ஸ் கார்டு ஒண்ணு ரெண்டு வருஷம் காசு சேத்து வாங்கினேன், மூலை நாலும் மழுங்கிப் போனது, அதான் என்னால முடிஞ்சது. இப்ப ஸ்கீன்ஸ் வேற வந்திருக்காரு, 2025 சை யங் அவார்டு ஒரு ஓட்டு பாக்கி இல்லாம அவருக்குதான். அந்த வருஷமும் டீம் தோத்துச்சு, அது வேற விஷயம்.

ஹாஸ்டல்ல ஃபிரண்டுகிட்ட ஒரு ரூக்கி (புதுசா வந்த பிளேயர்) கார்டு குடுத்து ரெண்டு தோனி கார்டு வாங்கினேன். ஆறு மாசத்துல அந்த ரூக்கி பெரிய ஆளாயிட்டான், கார்டு விலை ஏறிடுச்சு. திருப்பிக் கேட்டா தரமாட்டேங்கறான். ஃபிரண்ட்ஷிப்பே போயிடும் போல. நியாயம் சொல்லுங்க.
(தாம்பரம்)

நியாயம் அவன் பக்கம் தம்பி. மாத்தினா மாத்தினதுதான். கோலிகுண்டுல இருந்து இந்த சட்டம் மாறல.

ரெண்டு பேருக்கும் அப்ப எது தெரியுமோ அதை வச்சுதான் மாத்தினீங்க, அவன் எதையாவது மறைச்சானா, கிழிஞ்சதை ஒட்டிக் குடுத்தானா? இல்லல்ல. அப்ப ரூக்கி சொதப்பியிருந்தா தோனி கார்டுல ஒண்ணை நீ திருப்பிக் குடுத்திருப்பியா? பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸுக்கு வித்த கதை தெரியுமா, 1920 ஜனவரில அறிவிச்சாங்க, ஒரு லட்சம் டாலர், 1918-க்கு அப்புறம் திரும்ப கப்பு தூக்க அவங்களுக்கு 2004 ஆயிடுச்சு, எவனாவது ரூத்தைத் திருப்பிக் குடுன்னு போய் நின்னானா? அவ்வளவு தூரம் ஏன், 2025 நவம்பர்ல ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்கு குடுத்துட்டு சஞ்சு சாம்சனை வாங்கினப்ப சென்னைல பாதிப் பேரு சோறு திங்கல, 2023 ஃபைனல்ல கடைசி ரெண்டு பந்துல ஆறும் நாலும் அடிச்ச மனுஷன். அழுதோம், அவ்வளவுதான் பண்ண முடிஞ்சுது. நீயும் அந்த தோனி கார்டைப் பாத்துக்கிட்டு அழு.

எங்க வீட்டுக்காரருக்கு 42 வயசு. ஃபுட்பால் கார்டு வாங்கறாரு. பார்சல் வீட்டுக்கு வந்தா நான் கேப்பேன்னு ஆபீஸ் அட்ரஸுக்கு வரவழைக்கறாரு. இதுக்கு என்ன வைத்தியம்? பேர் போடாதீங்க, அவரு இந்தப் பத்திரிகை படிப்பாரு.
(பேர் போடல)

பேரு போடல, ஊரும் போடல. ஆனா ஆபீஸ் அட்ரஸுக்கு வரவழைக்கற ஐடியாவை மத்த வீட்டுக்காரங்களுக்கும் நீங்களே சொல்லிக் குடுத்துட்டீங்களேம்மா.

பேஸ்பால் கார்டுல நம்ம ஆளுங்க யாராவது இருக்காங்களா? கார்டுங்கற விஷயமே அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சதா?
(திருவல்லிக்கேணி, ஓய்வு பெற்ற வாத்தியார்)

ஐயா, ரெண்டாவதுக்கு முதல்ல சொல்றேன். பாக்கெட் நசுங்காம இருக்க சிகரெட் கம்பெனிங்க உள்ள ஒரு அட்டை வைப்பாங்க, சும்மா இருக்கற அட்டைல படம் போட்டா என்னன்னு அமெரிக்காவுல ஆரம்பிச்சுது, பேஸ்பால் ஆளுங்க 1880-கள்லயே வந்துட்டாங்க. கிரிக்கெட்டும் ரொம்ப பின்னாடி இல்ல, இங்கிலாந்துல வில்ஸ் கம்பெனி 1896-லயே 50 கிரிக்கெட் ஆட்டக்காரங்க படம் போட்ட செட்டு விட்டான். நம்ம பசங்க தெருவுல பொறுக்கின சிகரெட் அட்டைக்கும் தீப்பெட்டிப் படத்துக்கும் பாட்டன் அவன்தான். பைகிராஃப்ட்ஸ் ரோடு பழைய புத்தகக் கடைங்கள்ல நீங்களே பாத்திருப்பீங்க, தீப்பெட்டி லேபிள் ஒட்டின நோட்டு எப்பவாவது வரும், நான் ஒண்ணு நாப்பது ரூபாய்க்கு வாங்கினேன், ஒட்டினவரு ஒவ்வொண்ணுக்கும் கீழ தேதி, யார்கிட்ட மாத்தினதுன்னு பென்சில்ல எழுதியிருக்காரு. அந்த எழுத்துக்காகத்தான் வாங்கினேன்.

நம்ம ஆளுங்கன்னா, ரிங்கு சிங், தினேஷ் பட்டேல்னு உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியற பசங்க ரெண்டு பேரு, வேகமா பந்து எறியற போட்டில முதல் ரெண்டு எடம் புடிச்சு அமெரிக்கா போய் 2008-ல கான்ட்ராக்ட் போட்டாங்க. எந்த டீமுன்னு நினைக்கறீங்க? எங்க பைரேட்ஸ்தான்! மேஜர் லீக் வரைக்கும் ரெண்டு பேரும் வரல, ரிங்கு அப்புறம் மல்யுத்தத்துக்குப் போயி டபிள்யூடபிள்யூஈல வீர் மகான்னு வந்தாரு. பேஸ்பால்ல ஆரம்பிச்சு அண்டர்டேக்கர் பக்கம் போனது நான் மட்டும் இல்ல பாருங்க.

எல்லாம் சரி, அந்த அண்டர்டேக்கர் கார்டு என்ன ஆச்சு? இன்னும் வச்சிருக்கீங்களா?
(கொளத்தூர்)

போன மாசம் வரைக்கும் இருந்துச்சு. வெள்ளத்துல கூடப் போகல, ஏன்னா அது பர்ஸ்ல இருந்துச்சு. ஒரு மூலை மடிஞ்சு, நடுவுல வெள்ளைக் கோடு விழுந்து, முப்பது வருஷத்துக்கு மேல கூடவே இருந்தது.

போன மாசம் என் பையன், எட்டாவது படிக்கிறான், பர்ஸ்ல இருந்து எடுத்துட்டு கிளாசுக்குப் போயி எவன்கிட்டயோ குடுத்துட்டு மஞ்ச சட்டைல ஜடேஜா கார்டு ஒண்ணு வாங்கிட்டு வந்து நிக்கறான். இனிமே மஞ்ச சட்டைல ஜடேஜா போட மாட்டாங்கப்பா, அதான்னான். போயி திருப்பி வாங்கிட்டு வாடான்னு கத்தினேன். நீதானப்பா எல்லாருக்கும் சொல்லுவ, மாத்தினா மாத்தினதுதான்னு, அப்டின்னுட்டு ஜடேஜாவுக்கு ஸ்லீவ் எங்க இருக்குன்னு கேட்டான். ரெண்டாவது டிராயர்ல இருக்குன்னேன்.